மைனஸ் நாலே கால்

முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ என்கிறான் ப்ரெய்ஷோ.
பவரோடு, போலரைஸ்டு,
கீறல் விழாத பூச்சு இலவசம்.
நான் அதை மட்டியில் எண்ணுகிறேன்:
விலை நன்றாகப் போகும் வாரமென்றால் இருபது கிலோ.
போகாத வாரமென்றால்
எண்ணாமல் இருப்பதே முதுகுக்கு நல்லது.

வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் ஊரில்
கூலிங் கிளாஸா என்று
ஒட்டீலியா சிரிப்பாள்.
அவளுக்கென்ன, கழுகுக் கண்.
நான் கண்ணாடியைக் கழற்றினால் அவளையே
குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் மழை விட்ட மறுநிமிடம் இருக்கிறதே,
கம்பாதோஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
கடல் வடிந்த சேற்றில்
கணுக்கால் தண்ணீர் தகரத் தகடாகிவிடும்.
மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம்,
நடுவில் நான், வாளியும் முள்வாரியுமாக.
மட்டி மூச்சு விடும் ஓட்டை
ஊசியால் குத்தினாற்போல் இரட்டைப் புள்ளி.
அதைக் கண்டால்தான் அன்றைக்குக் கூலி.
மினுக்கம் அதைத்தான் முதலில் தின்னும்.

போன வருஷம் மேலே மாட்டும் கிளிப் ஒன்று வாங்கினேன்.
பதினெட்டு யூரோ, மூக்குக்கு மாடி கட்டினாற்போல்.
மூன்றாம் நாள் குனிந்தேன்,
சேறு வாங்கி வைத்துக்கொண்டது.

வெயிலில் நிறம் மாறும் கண்ணாடி?
அது இருட்டும் அவ்வளவுதான், மினுக்கத்தை வடிகட்டாது என்றான்.
நேர்மையான பையன். அதுதான் தொந்தரவு.
இதன் குறையையும் அவனே சொன்னான்:
ஏலக்கூடத் தராசின் எண்கள் கறுத்துப் போகலாம்,
தலையைச் சாய்த்தால் தெரியும்.
எடை போடுகிறவன் முன்னால்
நான் தலை சாய்த்து நிற்பதா?
குழைகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

ஓர் அட்டையை நீட்டினான், வெறும் சாம்பல்.
மாதிரிக் கண்ணாடி வழியே பார்த்தால்
அதற்குள் ஒரு மீன்.
என்னிடமே மீன் விற்கிறாயா என்றேன்.
வாசலுக்குப் போய்ப் பாருங்கள் என்றான்.

மாதிரியில் பவர் இல்லை.
என் கண்ணாடிமேல் அதை ஒட்டிப் பிடித்துக்கொண்டு
தூரத்தில் எதிரிக் கப்பலைத் தேடுகிறவள் மாதிரி
துறைமுகச் சுவரோரம் நின்றேன்.

யாரோ தண்ணீரின் தோலை உரித்துவிட்டார்கள்.
கடற்புல்லின் ஒவ்வோர் இலையும் தனித்தனியாய்.
ஒரு நண்டு. தள்ளுவண்டியின் துருப்பிடித்த சக்கரம்.
வாய் பிளந்த ஓடுகள், வெள்ளை வெள்ளையாய்.
பிறகு மணல்.
மணலில் ஓர் ஓட்டைகூட இல்லை.

அது படகெண்ணெய் குடித்த மணல்,
அங்கே மட்டி என்றைக்கும் இருந்ததில்லை.
தெரியும். தெரிந்தும்
கையைச் சட்டென்று இறக்கினேன்.
வெயில் ஓடிவந்து எல்லாவற்றையும் மூடியது.
எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நாலு வருஷமாய் வாளி நிறைவதில்லை.
சங்கக் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம்:
ஆற்று வெள்ளம் உப்பைக் கரைத்தது,
மேலே அணையைத் திறந்தார்கள்,
புதுசாய் ஏதோ நோய்.
நான் மட்டும் என் கண்ணைச் சொல்வேன்.
இருக்கிறது, மினுக்குவதால் எனக்குத்தான் படவில்லை என்பேன்.
யாரும் மறுத்ததில்லை.
பாவம், தடித்த கண்ணாடிக்காரி.

முந்நூற்றுப் பன்னிரண்டையும் கொடுத்து
இந்தச் சாக்கையும் அவன் மேஜைமேல்
வைத்துவிட்டு வர வேண்டும்.

பாதி முன்பணம் கட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
ப்ரெய்ஷோவும் கேட்கவில்லை.
பழுப்பா சாம்பலா என்றுதான் கேட்டான்.
பழுப்பு.
வலது மைனஸ் நாலே கால், இடது நாலு,
சிலிண்டர் இரண்டிலும் கொஞ்சம்.
வர பத்து நாள் ஆகும்.

வெளியே மறுபடி தூறல்.
பத்து நாளும் இப்படித்தான் என்கிறது வானொலி.
இருக்கட்டும், அவசரமில்லை.
நாளைக்கு ஏழே காலுக்குக் கடல் வடியும்.
முள்வாரியில் இரண்டு பல் வளைந்திருக்கிறது,
அதை நிமிர்த்த வேண்டும்.